நீலப் போர்வை விதி

"கவசத்தைக் கழட்டிடுங்கோ" என்றார் தலைவர்.

மெட்டில்டா குனிந்து தன் புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டாள். நூல் புடவை, கழுத்தில் மெல்லிய சங்கிலி, அதில் ஒரு சிலுவை. கழற்றும்படியாக வேறு ஒன்றும் இல்லை.

"எந்தக் கவசம் சார்?"

"உங்க கொற்றி போட்டுண்டிருக்காளே, இரும்புக் கவசம். இன்னிலேர்ந்து அது சர்ச்சைக்குரிய கவசம். தீர்ப்பு வர வரைக்கும் பேரவையோட பாதுகாப்புல இருக்கும்."

"இல்லாத கவசத்தை எங்கே சார் வைப்பீங்க?"

"அதுக்குத்தான் பீரோ வாங்கியிருக்கோம்" என்றார் தலைவர். யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பேரவையில் சிரிப்பதற்கும் முன் அனுமதி வேண்டும் போலிருந்தது.

மேற்குத் தாம்பரத்தில், மார்க்கெட்டுக்குப் பின்பக்கம், ரத்தினபாய் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கூடுவது தாம்பரம் வட்டாரக் கற்பனைப் போர்க்களப் பேரவை. மற்ற நாள்களில் தடதடக்கும் மெஷின்கள் அன்று ரெக்ஸின் முக்காடு போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருக்கும். நடுவில் மூன்று மேஜைகளைச் சேர்த்துப் போட்டு ஆட்டம்.

என்ன ஆட்டம் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வாயாலேயே ஊர் கட்டி, வாயாலேயே கோட்டை பிடித்து, வாயாலேயே செத்துப்போகிற ஆட்டம் அது. ஒருவர் கதை சொல்வார், அவர் நடுவர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "இருட்டில் ஏதோ உறுமுகிறது, நீ என்ன செய்கிறாய்?" என்று நடுவர் கேட்பார். சொன்னது பலிக்குமா பலிக்காதா என்று இருபது முகமுள்ள ஒரு பகடை சொல்லும். அந்தப் பகடை யாரோ சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது, ஒன்றே ஒன்றுதான். பவுடர் டப்பாவில் பஞ்சு வைத்து அதற்குள் அதைப் படுக்கவைத்திருந்தார்கள்.

எண்பத்தேழில் தொடங்கியபோது இவர்களிடம் இருந்தது, நடுவில் நாலைந்து பக்கம் காணாமல் போன, ஆட்ட விதிகளின் ஜெராக்ஸ் கட்டு ஒன்றுதான். வெட்டினேன் என்றால் வெட்டினான், விழுந்தேன் என்றால் விழுந்தான். ஒருவருக்கும் வயிற்றுவலி இல்லை. பிறகு யக்ஞநாராயணன் தணிக்கை அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றவருக்கு ஓய்வெடுக்கத் தெரியவில்லை. ஒரு ஞாயிறு மாடியேறி வந்து எட்டிப் பார்த்தார். "இவ்வளவு பெரிய ராஜ்யத்துக்கு ஒரு மினிட்ஸ் புக் கூட இல்லையா?" என்று கேட்டார். அடுத்த வருடம் ஆட்டம் சங்கமாகப் பதிவாயிற்று. தலைவர் அவர். கல்லூரியில் கணக்கு விரிவுரையாளரான எலியேசர் செயலர். பேங்கில் வேலை பார்த்த ஏகநாதன் நடுவராகவே இருந்தார். "ரூல் என்ன சொல்லுதோ அதான் சார்" என்பது அவருக்கு மூச்சு மாதிரி ஆகிவிட்டது.

தலைவர் கொண்டுவந்த விதிகளில் ஒன்று ஜன்னலோர பெஞ்ச். எவருடைய பாத்திரம் ஆட்டத்தில் சாகிறதோ அவர் அடுத்த ஆண்டுப் பொதுக்குழு வரைக்கும் பார்வை உறுப்பினர். அந்த பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாம். வாயைத் திறக்கக் கூடாது. தட்சிணாமூர்த்தி என்ற மருந்துக்கடைக்காரரின் வீரன் பாலத்திலிருந்து விழுந்து செத்ததிலிருந்து அவர் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் வேண்டுமென்றால்கூடக் கட்டைவிரலைக் காட்டினார்.

மெட்டில்டா அந்த பெஞ்சின் பக்கமே திரும்ப மாட்டாள். காரணம் இருந்தது. பல்லாவரத்தில் ஒரு லாரி கம்பெனியில் அவள் டைப்பிஸ்ட். வாரம் முழுக்க மற்றவர்கள் சொல்லும் வாக்கியங்களை அடிப்பாள். சானடோரியம் ஸ்டேஷன் பக்கத்தில் அண்ணன் வீட்டில் வாசம். அங்கே அவள் பேச ஆரம்பித்தால் யாராவது ஒருவர் டி.வி. சத்தத்தைக் கூட்டுவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏகநாதன் அவள் பக்கம் திரும்பி, "கொற்றி என்ன செய்யறா?" என்று கேட்பார். ஒரு மேஜையே வாயை மூடிக்கொண்டு அவள் பதிலுக்காகக் காத்திருக்கும். வேறெங்கும் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

கொற்றி, ஆட்டத்தில் மெட்டில்டாவின் பாத்திரம்; கருமலைக் கணவாயின் வாசற்காவல் தலைவி. பெரிய இரும்புக் கதவு. அதற்கு ஒரே தாழ். இரண்டு பக்கமும் பகைவர் உண்டென்பதால் இரண்டு பக்கமும் கொக்கி. வேண்டிய பக்கத்தில் தூக்கிப் போட்டுக்கொள்ளலாம். வருடக்கணக்காகக் கொற்றி அந்தத் தாழை ஒற்றையாளாகத் தூக்கிப் போட்டிருக்கிறாள். ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. இரண்டு வருடம் ஆடி, ஒரு ராட்சசனைச் சாய்த்து, அந்த இரும்புக் கவசத்தை அவள் சம்பாதித்தாள். போன வாரம் அம்பு மழை பெய்தது. தலைவரின் பாத்திரமான மகாவீரன் சக்ரபாணி பாறைக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டான். கொற்றி நின்றாள். அவ்வளவுதான் குற்றம்.

"ஒரு பொம்மனாட்டி இரும்பை மாட்டிண்டு அம்பு மழையில நிக்கறாள்னா, எதார்த்தம் எங்கே போறது?" என்று கேட்டார் தலைவர்.

"சார், அந்த அம்பை விட்டது ஆறு கால் குரங்கு."

"குரங்குக்கு ரூல்ல ஆறு கால் போட்டிருக்கு. அது அங்கீகரிக்கப்பட்ட குரங்கு."

எலியேசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எதார்த்தம் பெரியவரோட இஷ்யூ, மெட்டில்டா. நான் அதுக்குள்ள போகலை. எனக்கு ஆட்டத்தோட சமநிலை முக்கியம். உங்ககிட்ட கவசம் இருக்கறதால மத்த மெம்பர்ஸுக்கு ஒரு மாதிரி இருக்கு."

"அவங்களும் ஆடி வாங்கிக்கலாமே சார்? நான் அப்படித்தானே வாங்கினேன்?"

"அதைத்தான் சொல்றேன். நீங்களா ஆடி வாங்கிட்டீங்க. அதுல மத்தவங்க பங்கு ஒண்ணுமே இல்லை. அதுக்குப் பேர்தான் இம்பேலன்ஸ்."

மேஜைக் கடைசியிலிருந்து பொன்னுசாமி, "யக்கா, கம்னு குட்த்துடுக்கா. பேஜார் புட்ச்சதுங்க" என்று முணுமுணுத்தான். லாரி ஷெட்டில் பார்சல் ஏற்றுபவன், ஆட்டத்தில் திருடன்.

அன்று இரண்டு குழுக்கள் அமைக்கப்பட்டன. எதார்த்தக் குழுவுக்குத் தலைவர் யக்ஞநாராயணன். சமநிலைக் குழுவுக்குத் தலைவர் எலியேசர். இரண்டு குழுக்களின் அறிக்கையையும் டைப் அடிக்கும் பொறுப்பு, பலத்த கைதட்டலுக்கிடையே, ஒருமனதாக மெட்டில்டாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

எதார்த்தக் குழுவின் முதல் கேள்வி, ஒரு பெண்ணால் எவ்வளவு எடை தூக்க முடியும் என்பது.

"என்னைத் தூக்கச் சொல்லிப் பார்த்துடுங்களேன் சார்" என்றாள் மெட்டில்டா.

"சேச்சே. உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா பேரவை இல்ல பதில் சொல்லணும்?"

"தினம் காலையில தண்ணி லாரிலேருந்து ரெண்டு குடம் மாடிக்குத் தூக்கறேன் சார்."

"குடம் வேற. அது இடுப்புக்கு இயல்பான எடை. எங்காத்துல கேஸ் சிலிண்டர் வரதா? நான் கதவைத் திறந்து பிடிச்சுப்பேன், ஆத்துக்காரி உருட்டிண்டு போயிடுவா. அதெல்லாம் குடும்ப எடை. போர் எடைன்னு ஒண்ணு தனியா இருக்கு. அதுக்கு ஆதாரம் வேணும்."

ஆதாரம் சுவரிலேயே இருந்தது. தலைவர் தலையை நிமிர்த்தினார்; பல்லி ஓடிய இடத்துக்குக் கீழே ஒரு தகரப் பலகை. 'மாணவிகள் மெஷினைத் தூக்கக் கூடாது. – நிர்வாகம்.'

அந்தப் பலகையின் கதை மெட்டில்டாவுக்குத் தெரியும். அவள் அங்கே படித்த காலத்தில் எழுதி மாட்டியது. கூடத்தில் மின்விசிறி ஒன்றுதான். சித்திரை வெயிலில் பெண்பிள்ளைகள் எல்லோரும் மெஷினை அலாக்காகத் தூக்கிக்கொண்டு வந்து விசிறிக்கு அடியில் உட்கார்ந்துவிடுவார்கள். ரத்தினபாய் அம்மாள் கத்திப் பார்த்துத் தொண்டை கட்டிப்போய்ப் பலகை எழுதினார்.

"சார், தூக்கினதாலதான் தூக்கக் கூடாதுன்னு எழுதினாங்க."

"எழுதியிருக்கா இல்லையா?"

"எழுதியிருக்கு."

"அப்போ முடியாதுன்னுதானே அர்த்தம்? முடிஞ்சா எதுக்கு எழுதப்போறா?" தலைவர் திருப்தியுடன் மூக்குப்பொடி உதறினார். "எழுதிக்கோங்கோ. பெண்களின் போர் எடை ஒரு மெஷினுக்குக் குறைவு."

அன்றிலிருந்து கருமலை நாட்டில் எல்லாவற்றுக்கும் அளவு மெஷின் ஆயிற்று. வாள் கால் மெஷின். கேடயம் அரை மெஷின். கவசம் ஒரு மெஷின். கணவாய்க் கதவின் தாழ் இரண்டு மெஷின். மெட்டில்டா எல்லாவற்றையும் அடித்தாள். கார்பன் வைத்து அடித்தாள்.

இரண்டாவது கேள்வி, கவசம் என்ன தாங்கும் என்பது. தாம்பரத்தில் கவசத்துக்கு எங்கே போவது? விமானப்படை நிலையத்துக்கு எழுதலாமா என்று ஒரு யோசனை வந்து, பயந்து, திரும்பிப் போயிற்று. அப்போதுதான் எலியேசருக்குப் பொறி தட்டியது.

"மெட்டில்டா, உங்க கோயில்ல பெரிய வெள்ளிக்கு நாடகம் போடுவீங்க இல்ல? ரோமைச் சிப்பாய் எல்லாம் வருவாங்களே?"

"வருவாங்க சார். ஆனா அது..."

"ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

மெட்டில்டாவின் பங்குக் கோயிலில் உபதேசியாராக இருந்த சின்னப்பன் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு கவசத்தை எடுத்தார். வெள்ளித்தாள் கசங்காமலிருக்க, மாதா வேடத்துக்கான நீலப் போர்வையால் அதைச் சுற்றிக் கொடுத்தார். "சூதானமா கொண்டு வாம்மா. நாலு சிப்பாய்க்கு நாலுதான் இருக்கு" என்றார்.

மே மாதம். மொட்டைமாடித் தளம் தோசைக்கல்லாய்க் கொதித்தது. கவசத்தைப் பொன்னுசாமிக்கு மாட்டினார்கள். "இன்னாக்கா, கல்யாண மாப்ள மாதிரி கீறனா?" என்று அவன் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினான்.

"சார், இது அட்டை" என்றாள் மெட்டில்டா.

"எது?"

"இந்தக் கவசம். அட்டையில செஞ்சு வெள்ளித்தாள் ஒட்டியிருக்கு."

யக்ஞநாராயணன் பொறுமையாகச் சிரித்தார். முப்பது வருட உத்தியோகம் அந்தச் சிரிப்பில் இருந்தது. "பாருங்கோ. நாம கேட்டது என்ன? கவசம் ஒண்ணு. அவா கொடுத்தது என்ன? கவசம் ஒண்ணு. கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கேளா இல்லையா? கவசம்னு கேட்டுக் கவசம்னு வந்தப்புறம், அதைப் போய் அட்டைன்னா, ஃபைல் எப்படி நகரும்?"

எலியேசர் குடையை மடக்கிக் குத்தினார். குடை உள்ளே போய்விட்டது. "ஐயோ, தொப்புள்ல!" என்று பொன்னுசாமி துள்ளினான். ஒரு வாளித் தண்ணீரை மேலே கொட்டினார்கள். கவசம் முதலில் தோளில் தொய்ந்தது. பிறகு நெஞ்சில் உப்பியது. பிறகு கூழாகி அவன் லுங்கி வழியே வழிந்தது. குழு முழுவதும் குனிந்து பார்த்தது. "வெரி இன்ட்ரஸ்டிங்" என்றார் எலியேசர். "இத்தனை நாள் நாம இரும்பை எவ்வளவு தப்பா நினைச்சுட்டிருந்தோம்!"

அப்போதுதான் தலைவர் கண்ணில் நீலப் போர்வை பட்டது. "இதென்ன?"

"மாதா வேஷத்துப் போர்வை சார். கவசத்தைச் சுத்தி எடுத்துட்டு வந்தேன்."

"பெண் பாத்திரத்தோடது?"

"ஆமா சார், ஆனா..."

"அப்போ பெண்களுக்கான கவசம் இதுதான். கூடவே அனுப்பியிருக்கா பாருங்கோ. விவரம் தெரிஞ்சவா."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் சின்னப்பன் மெட்டில்டாவை வேப்பமரத்தடியில் பிடித்துக்கொண்டார். "கவசம் எங்கம்மா?"

"கரைஞ்சு போச்சுங்க. போர்வையை ஆதாரம்னு வெச்சுக்கிட்டாங்க."

"கரைஞ்சு போச்சா? எப்படிக் கரையும்?"

"பரிசோதனை பண்ணாங்க."

"படிச்சவங்களா?"

"ஆமாங்க."

"சரிதான்" என்றார் சின்னப்பன். "அடுத்த வருஷம் ஆண்டவரை மூணு சிப்பாய் கவசத்தோட பிடிப்பான், நாலாமவன் பனியனோட பிடிப்பான். ஜனங்க கேட்டா உங்க ஆபீசர்மாரைக் கூட்டிட்டு வந்து பதில் சொல்லச் சொல்லு."

சிறப்புப் பொதுக்குழு கூடியது. தலைவருக்குச் செயலர் பொன்னாடை போர்த்தினார். செயலருக்குத் தலைவர் போர்த்தினார். ஒரே பொன்னாடைதான். கரண்ட் போயிருந்தது. மெட்டில்டா அடித்துக் கொடுத்த அறிக்கையைத் தலைவர் ஜன்னல் வெளிச்சத்தில் வாசித்தார்.

"ஒன்று. பெண் பாத்திரங்கள் ஒரு மெஷினும் அதற்கு மேலும் எடையுள்ள எதையும் தூக்கவோ அணியவோ இயலாது. இது எதார்த்தம். இரண்டு. பெண் பாத்திரங்களுக்கு உரிய கவசம், ஆதாரத்தில் கண்டபடி, நீலப் போர்வை. இதுவும் எதார்த்தம். மூன்று. கவசம் குடைக்குத் தாங்காது, தண்ணீரில் கரையும் எனப் பரிசோதனையில் நிரூபணமாகியுள்ளது."

மேஜையில் சலசலப்பு எழுந்தது. "சார், எங்க கவசமும் கரையுமா?" என்று யாரோ கேட்டார்கள். சக்ரபாணிக்கும் ஒரு கவசம் உண்டு என்பது தலைவருக்கே அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவர் எலியேசரைப் பார்த்தார்.

எலியேசர் எழுந்தார். "அந்த மூணாவதுக்கு எங்க குழு ஒரு தீர்வு வெச்சிருக்கு. ஆண் பாத்திரங்களோட கவசம் கரைஞ்சா ஆட்டமே கெட்டுப்போகும். அதனால ஆண்களைப் பொறுத்தவரை மூணாவது விதி நிறுத்தி வைக்கப்படுது. சமநிலை கருதி. கவசம் இரும்பாவே கருதப்படும்."

"ஏற்கலாமா?" "ஏற்கலாம்." ஒரு தும்மல் போடுகிற நேரத்தில் முடிந்தது.

மெட்டில்டா எழுந்தாள். "சார், ஒண்ணு கேக்கறேன். என் விஷயத்துல எதார்த்தம், உங்க விஷயத்துல சமநிலையா?"

"ரெண்டும் வேணும்மா. எதார்த்தமும் வேணும், சமநிலையும் வேணும். எது எங்கே வேணுமோ அங்கே."

"எது எங்கேன்னு யார் சார் சொல்றது?"

"குழு."

"குழுவுல நான் இல்லையே?"

"நீங்கதானே டைப் அடிச்சேள்?" தலைவருக்கு உண்மையிலேயே மனம் புண்பட்டிருந்தது. "ஒவ்வொரு வரியும் உங்க கை வழியாத்தான் வந்திருக்கு."

"அதுவும் தவிர" என்று எலியேசர் கனிவுடன் குறுக்கிட்டார், "உங்களை நாங்க சும்மா விடலை. போர்வைக்கு ஈடா இரக்கப் புள்ளி கொடுத்திருக்கோம். நீலப் போர்வை போர்த்தின பெண்ணைத் தாக்க வர்ற எந்த எதிரியும் முதல்ல பகடை போடணும். பதினஞ்சு வரைக்கும் எது விழுந்தாலும் அதுக்கு இரக்கம் வந்து, அவளை ஒண்ணும் பண்ணாம தாண்டிப் போயிடும். முக்கால்வாசி நேரம் இரக்கம்! வேற எந்த சங்கத்துல குடுப்பாங்க?"

"மீதிக் கால்வாசி?"

"அது த்ரில்."

"இரக்கம் வேணாம் சார். நான் சம்பாதிச்ச கவசத்தைக் குடுங்க. இப்பவே ஒரு திருத்தம் சொல்றேன், ஓட்டுக்கு விடுங்க."

"அப்படியெல்லாம் முடியாது" என்று தலைவர் விரலை உயர்த்தினார். "குழு அறிக்கைன்னா சிறப்புப் பொதுக்குழு போதும். மத்தபடி ஆட்ட விதியில எந்தத் திருத்தமும் எழுத்து மூலமா முன்னறிவிப்பு கொடுத்து, ஆண்டுப் பொதுக்குழுவுலதான். நாளைக்கே பிரளயம் வந்தாலும் இந்தச் சட்டம் அசையாது. அசைஞ்சா அது சங்கமில்லை, சந்தை."

அறிக்கையை நிறைவேற்றக் கைகள் உயர்ந்தன. பொன்னுசாமியின் கை முதலில் காதைச் சொறிந்தது. தலைவர் பார்த்தார். சொறிந்த கை அப்படியே மேலே போயிற்று.

மாடிப்படியில் அவன் பின்னாலேயே ஓடிவந்தான். "கோச்சுக்காதக்கா. பெர்சு மொறைக்குது, கை தானா எயும்பிச்சி."

"தானா எழும்பிச்சா?"

"ஆமாக்கா. இன்னா இப்போ, வெளாட்டுதானே?"

"விளையாட்டுன்னா எதுக்குப்பா இத்தனை கமிட்டி?"

பொன்னுசாமிக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

வீட்டில் அண்ணி அருள்மேரி, "என்ன, மூஞ்சி உப்பியிருக்கு?" என்று கேட்டாள்.

"என் கவசத்தைப் பிடுங்கிட்டாங்க அண்ணி. அடுத்த வாரம் சண்டை. செத்துட்டேன்னா பெஞ்சுல உக்கார வெச்சுடுவாங்க. அப்புறம் வாயே திறக்க முடியாது."

"ஓ" என்றாள் அண்ணி. செய்தி ஆரம்பித்துவிட்டது. சத்தத்தைக் கூட்டினாள்.

மெட்டில்டா அடுப்படியில் நின்று, ஒரு குடம் தண்ணீரை அண்டாவில் கவிழ்த்தாள். கவிழ்த்த வேகத்தில் பாதி தரையில் போயிற்று. அவள் துடைக்கவில்லை.

சண்டை ஞாயிறு வந்தது. கணவாயை நோக்கித் தீநாகம் புறப்பட்டு வருவதாக ஏகநாதன் போன மாதமே சொல்லியிருந்தார். மாடியில் முழு வருகை. கதவுக்கு உள்ளே சக்ரபாணி, எலியேசரின் மந்திரவாதி, பொன்னுசாமியின் திருடன், மற்ற வீரர்கள் எல்லோரும். இரும்பாகக் கருதப்பட்ட கவசங்களுடன் அணிவகுத்திருந்தார்கள். வாசலில் கொற்றி, நீலப் போர்வையுடன்.

"தூரத்துல பாறை உருளற சத்தம்" என்றார் ஏகநாதன். கீழே பீச் ஸ்டேஷனுக்குப் போகும் மின்சார ரயில் கடந்துபோனது, அதுவும் பொருத்தமாகத்தான் இருந்தது. "நாகம் வளைவுல தலையை நீட்டுது. கண்ணு ரெண்டும் உலை மாதிரி. யார் என்ன செய்யறீங்க?"

"திட்டம் தெரிஞ்சதுதானே" என்றார் தலைவர். "கொற்றி கதவைச் சாத்தித் தாழ் போடறா. நாகம் வந்து முட்டறது. நாங்க மேலேர்ந்து எண்ணெய் ஊத்தறோம். கொற்றி, ம், தாழைப் போடு!"

மெட்டில்டா வாயைத் திறந்தாள். பழக்கத்தில், 'போடறா' என்றுதான் சொல்ல வந்தாள். வருடக்கணக்கான பழக்கம். நாக்கு நுனிவரை வந்தது நின்றுவிட்டது. சுவரில் பல்லிக்குக் கீழே அந்தத் தகரப் பலகை.

"முடியாது சார்" என்றாள்.

"என்ன முடியாது?"

"தாழ் ரெண்டு மெஷின் எடை சார். கொற்றியால ஒரு மெஷினே தூக்க முடியாது. எதார்த்தம்."

தலைவர் பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இவ்வளவு நாள் தூக்கிண்டிருந்தாளே!"

"தெரியாம தூக்கிட்டா சார். அறிக்கை வரலையே அப்போ."

"நாகம் கிட்ட வந்துடுச்சு. மேலே எண்ணெய்கிட்ட நிக்கறவங்க இறங்கிவந்து தாழ் போட நேரமில்லை" என்றார் ஏகநாதன், யாருக்கும் நோகாத குரலில்.

தலைவர் எழுந்தே விட்டார். "கதவைச் சாத்தறது வீட்டு வேலை மாதிரி! தினம் ராத்திரி பெண்கள்தானே தாழ் போடறா? அது குடும்ப எடை! குடும்ப எடைன்னு திருத்திடுங்கோ!"

"திருத்தலாம் சார்" என்றாள் மெட்டில்டா. "எழுத்து மூலமா முன்னறிவிப்பு குடுங்க. ஆண்டுப் பொதுக்குழுவுல வைப்போம். வேணும்னா நானே டைப் அடிச்சுத் தர்றேன்."

"மெட்டில்டா, பீ ரீசனபிள்" என்றார் எலியேசர். "இது வெறும் விளையாட்டு."

"அப்படியா சார்?" என்றாள் அவள். "யாரும் எங்கிட்ட சொல்லலையே."

"யக்கா! யக்கா! நம்ம ஆளுக்கா நானு! உள்ள நானும் கீறேன்!"

"கை தூக்கினியே பொன்னுசாமி?"

"அது தானா எயும்பிச்சிக்கா!"

"அப்போ இப்பவும் எழுப்பு. நாகத்துக்கு வணக்கம் சொல்லு."

"நாகம் கொற்றி முன்னாடி வந்து நிக்குது" என்றார் ஏகநாதன். "நீலப் போர்வை. விதிப்படி இரக்கம் பார்க்கணும். ரூல் என்ன சொல்லுதோ அதான்." பவுடர் டப்பாவைத் திறந்தார். பகடை மேஜையில் உருண்டது. அறிக்கைக் கட்டில் மோதி நின்றது. மெட்டில்டாவின் விரல்கள் சிலுவையைப் பிடித்திருந்தன. பதினைந்துக்கு மேல் விழுந்தால் முதலில் சாவது அவள்தான்.

"பதினொண்ணு" என்றார் ஏகநாதன். "நாகத்துக்கு இரக்கம் வந்துடுச்சு. கொற்றியை மோந்து பார்த்துட்டு, தாண்டி... உள்ளே போகுது."

உள்ளே நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. ஏகநாதன் விவரித்தார். ஒவ்வொருவருக்கும் பகடை போட்டு, விதிப்படி, ஒரு எழுத்து விடாமல் விவரித்தார். ஆண்களுக்கு இரக்கப் புள்ளி கிடையாது, யாரும் கேட்டிருக்கவில்லை. கவசம் போட்டவர்கள் கவசத்தோடு வெந்தார்கள். மந்திரவாதி மந்திரத்தின் பாதியில் போனார். சக்ரபாணி பாறைக்குப் பின்னால் ஒளிந்தான். நாகத்துக்குக் கழுத்து நீளம்.

ஜன்னலோரத்தில் தட்சிணாமூர்த்தி பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் கையால் தட்டிக் காட்டினார். ஒருவர் பின் ஒருவராக எழுந்து போனார்கள். பெஞ்ச் போதவில்லை. பொன்னுசாமி கீழே சப்பணமிட்டுக்கொண்டான். கடைசியாகப் போனவர் யக்ஞநாராயணன். "இந்த ஆட்டமே செல்லாது. நான் தலைவர் என்கிற முறையில..." என்று அவர் ஆரம்பித்தார்.

"பார்வை உறுப்பினர்கள் பேசக் கூடாது சார்" என்றார் ஏகநாதன். தன் வாழ்க்கையிலேயே முதல் முறையாக அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "ரூல்."

தலைவர் உட்கார்ந்தார். வாய் மூடியது, திறந்தது, மூடியது.

மூன்று மேஜை நீளத்துக்கு ஒரே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஏகநாதன் அவள் பக்கம் திரும்பினார்.

"நாகம் உள்ளே படுத்திருக்கு. வயிறு ரொம்பிடுச்சு. கதவு திறந்து கிடக்கு." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கொற்றி என்ன செய்யறா?"

அறை வாயை மூடிக்கொண்டு காத்திருந்தது.

"முதல்ல அந்தப் போர்வையைக் கழட்டி மடிச்சு வைக்கறா" என்றாள் மெட்டில்டா. "சின்னப்பன் கிட்டத் திருப்பிக் குடுக்கணும். அப்புறம் வெளிப்பக்கமா வந்து கதவைச் சாத்தறா. தாழைத் தூக்கிக் கொக்கியில மாட்டறா. ஒத்தையா."

ஏகநாதன் தயங்கினார். பெஞ்சைப் பார்த்தார். அங்கே யக்ஞநாராயணன் விரலை உயர்த்தி, சுவரிலிருந்த தகரப் பலகையைக் காட்டிக் காட்டிக் குதித்தார். முகம் சிவந்து கண் பிதுங்கியது. சத்தம் மட்டும் வரவில்லை.

"ஆட்சேபணை ஏதாவது இருக்கா?" என்று ஏகநாதன் பெஞ்சைக் கேட்டார்.

சற்றுப் பொறுத்தார். பிறகு பகடையை எடுத்து மெட்டில்டாவின் உள்ளங்கையில் வைத்தார்.